கொடைக்கானலுக்கு எத்தனை யூனிட்?

திருநகரில் இருக்கும் என் பெரியப்பா மகன், விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். எலெக்ட்ரிக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போனவர், அங்கே கொடுத்த தாளோடு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். “ஏன்டா, வண்டி ஒன்னுதான். ஒன்னு 250 கிலோமீட்டர் போகுமாம், இன்னொன்னு 315 போகுமாம். எதை எடுக்கிறது?”

அவர் பார்த்தது டாடா டியாகோ இவி. 2022இல் வந்தபோது 19.2, 24 என்று இரண்டு அளவு பேட்டரியோடு வந்த வண்டி. இந்த எண்களுக்குப் பக்கத்தில் கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான். அதாவது ஒரு வண்டியில் 19 யூனிட் பிடிக்கும், இன்னொன்றில் 24 யூனிட் பிடிக்கும்.

250ஐ 19.2ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 13 கிலோமீட்டர். 315ஐ 24ஆல் வகுத்தாலும் 13 தான் வருகிறது. இரண்டு வண்டிக்கும் மைலேஜ் ஒன்றே, பாத்திரம்தான் சின்னது பெரியது. வேரியன்ட் வித்தியாசத்தில் எளிதாகப் புரிகிற கதை இது.

எல்லா வண்டியும் இப்படி நேராக இருப்பதில்லை. மஹிந்திரா எக்ஸ்இவி 9இ-யில் 59 யூனிட் பேட்டரிக்கு 542 கிலோமீட்டர், 79 யூனிட்டுக்கு 656 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். கூடுதலாகக் கொடுத்த 20 யூனிட், 114 கிலோமீட்டர்தான் வாங்கித் தந்திருக்கிறது. யூனிட்டுக்கு 9 கிலோமீட்டர் போன வண்டி, கூடுதல் யூனிட்டுகளுக்கு 6கூட கொடுக்கவில்லை. பெரிய பேட்டரி வண்டியில் மோட்டாரின் சக்தியும் அதிகம், 231 குதிரைத்திறனுக்குப் பதில் 286. பேட்டரியின் எடையையும் அந்தப் பேட்டரியேதான் சுமக்க வேண்டும்.

பேட்டரி மாறாமலே ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் போகும் தூரம், மாறுவதும் உண்டு. ஹூண்டாய் ஐயோனிக் 5 அமெரிக்காவில் 2022 மாடலாக வந்தபோது, ஒரே 77.4 யூனிட் பேட்டரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு 488 கிலோமீட்டரும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு 412 கிலோமீட்டரும் அரசுச் சோதனையில் கிடைத்தன. முன்பக்கம் கூடுதலாக ஒரு மோட்டார், அதன் எடை, அதைச் சுழற்றும்போது ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்து 76 கிலோமீட்டரைத் தின்றுவிட்டன. டாப் மாடலில் அழகுக்காகப் போடும் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும்கூட ரேஞ்சில் கொஞ்சம் குறைக்கும். வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும்.

சரி, டியாகோவுக்கு யூனிட்டுக்கு 13 என்று பார்த்தோமே, அது எங்கிருந்து வந்தது? சாலையில் ஓட்டி எடுத்த எண் இல்லை. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டி அளப்பது. நம் நாட்டு அட்டவணையில் நகரப் பகுதிக்கு உச்ச வேகம் 50, நெடுஞ்சாலைப் பகுதிக்கு 90. ஏசி ஓடாது. ஐரோப்பாவில் நடக்கும் சோதனை 131 வரை போகிறது. அதனால்தான் 72.6 யூனிட் ஐயோனிக் 5-க்கு இங்கே 631 கிலோமீட்டர் என்றார்கள், அங்கே அதே அளவு பேட்டரிக்குச் சுமார் 480. இந்த எண்ணை ஒரு வேரியன்ட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். திருச்சிக்குப் போக அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

திருச்சி மதுரையிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். அண்ணன் சரக்கெடுக்க மாதம் ஒரு முறையாவது போவார். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் வண்டி என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். டயர் தரையில் பட்டு நசுங்கி நிமிர்ந்து உருள்வதாலேயே ஒரு தடை உண்டு. அதைச் சமாளிக்கக் கிட்டத்தட்ட 15 கிலோ விசையால் இழுக்க வேண்டும். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. மாறுவது காற்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று 8 கிலோ விசையோடு எதிர்த்துத் தள்ளினால், 100இல் 16 இல்லை, நான்கு மடங்கு, 30 கிலோவுக்கும் மேல். வேகத்தின் வர்க்கமாக ஏறும் எதிர்ப்பு இது. மோட்டாரிலும் மற்ற இடங்களிலும் வீணாவதைச் சேர்த்தால், 80இல் போகும்போது 100 கிலோமீட்டருக்குச் சுமார் 13 யூனிட், 100இல் போகும்போது சுமார் 16 யூனிட். 24 யூனிட் வண்டி முதல் வேகத்தில் 180 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டாவது வேகத்தில் 150 போனால் பெரிது. 19 யூனிட் வண்டியை நான்குவழிச் சாலையில் 100இல் விரட்டினால் திருச்சி எல்லைக்கு முன்பே சார்ஜ் தேட வேண்டியிருக்கும்.

ஊருக்குள் கதையே வேறு. திருநகரிலிருந்து பசுமலை, பழங்காநத்தம் வழியாக விளக்குத்தூண் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சிக்னல், எத்தனை பிரேக்! பெட்ரோல் வண்டிக்கு ஒவ்வொரு பிரேக்கும் நஷ்டம். இதிலோ காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. போட்டது அத்தனையும் திரும்பாது, ஆனாலும் பெரும் பங்கு வரும். காற்றின் தொல்லையும் குறைவு. 100 கிலோமீட்டருக்கு 8 யூனிட்டே போதும்.

ஆனால் ஏசி இருக்கிறதே. அது கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. சித்திரை வெயிலில் மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தால் இரண்டு யூனிட்கூட ஆகாது. கோரிப்பாளையம் நெரிசலில் 20 வேகத்தில் ஊர்ந்தால் அதே 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். ஏசிக்கு மட்டும் ஏழரை யூனிட் போய்விடும். ஓட்டத்துக்கு எட்டு, குளிருக்கு ஏழரை. நண்பகல் மதுரையில் ரேஞ்ச் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

“அப்ப கொடைக்கானல்?” என்றார் அண்ணன். அவருக்கு உண்மையான கவலை அதுதான், அண்ணி வீட்டார் அங்கே.

மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேல். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஒன்றரை டன்னை இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க எட்டு யூனிட் வேண்டும். இது வண்டியின் தரத்தைப் பொறுத்ததில்லை. புவியீர்ப்பு யாருக்கும் தள்ளுபடி தராது. வத்தலக்குண்டு வரை சமவெளியில் எட்டு யூனிட், அங்கிருந்து மலைப்பாதையில் தூக்குவதும் உருட்டுவதுமாகச் சேர்த்து சுமார் பன்னிரண்டு. மொத்தம் 20. 120 கிலோமீட்டர் தூரத்துக்கு! 24 யூனிட் வண்டி நிறைய சார்ஜோடு கிளம்பினால் போய்ச் சேரும். 19 யூனிட் வண்டி வத்தலக்குண்டில் நின்று சார்ஜ் போட்டே ஆக வேண்டும். தாளில் வெறும் 65 கிலோமீட்டராகத் தெரிந்த வித்தியாசம் இங்கேதான் வந்து நிற்கிறது.

நண்பர் ஒருவரின் சின்ன வண்டியில் அந்த மலையில் ஏறியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சதவீதம் கண்ணெதிரே குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே தோன்றவில்லை. இறங்கும்போது அதே திரையில் எண் ஏறத் தொடங்கியது. வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி, ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் வந்தோம்.

தூக்கிய எட்டும் முழுதாகத் திரும்பக் கிடைக்காது. டயரும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின், வத்தலக்குண்டு வருவதற்குள் மூன்று யூனிட் அளவுக்கு பேட்டரியில் சேரும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மேலே முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் உள்ளே போக இடமில்லாமல், வண்டியைப் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்து, அது சூடாகும். அதனால் அண்ணனிடம் சொன்னேன்: அண்ணி வீட்டில் 85 சதவீதத்தோடு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.