பக்கத்தில் சாய்ப்பு இறக்குவதற்கு முன் அகலத்தை அளந்து பாருங்கள்

இன்னொரு சாய்ப்பின், அதாவது வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கும் கூடுதல் அறையின், விரிசலைப் பார்த்துவிட்டு வந்த ஆற்றாமையில் இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே ஒரு வீடு. வீட்டின் பக்கச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் 5 அடி இடம் இருந்திருக்கிறது. அதை அடைத்து, 24 அடி நீளத்துக்கு ஒரு அறை இறக்கிவிட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது அவசரமாக முடித்த வேலை. இப்போது பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை பிளவு. உள்ளே பூஞ்சை நாற்றம். அறையில் இருப்பதெல்லாம் உரிக்காத தேங்காயும் கழற்றிப்போட்ட கட்டில் சட்டங்களும்தான். விரிசலை எதைக்கொண்டு அடைப்பது என்று கேட்டார்கள். அதை அடைத்துவிடலாம். அந்தச் சாய்ப்பால் பகலிலும் விளக்குப் போடும்படி ஆகிவிட்ட படுக்கையறையை என்ன செய்வது? அதை யாரும் கேட்கவில்லை. அது பழகிப்போய்விட்டது.

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை 5 சென்ட், 6 சென்ட் மனைகளில் வீடு கட்டி வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வருகிறது. மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அம்மாவால் படியேற முடியவில்லை. தேவை உண்மையானது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தத் தேவையோடு கூடவே ஒரு வாக்கியமும் வருகிறது: "பக்கத்தில் இடம் சும்மாதானே சார் கிடக்கிறது, 120 சதுர அடி கிடைக்குமே!"

இந்த 120 சதுர அடியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மற்ற எல்லாத் தவறுகளும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன.

5 அடியை 24 அடியால் பெருக்கினால் 120 வரும். கொத்தனாருக்கு நீங்கள் கூலி பேசுவதும் அந்த 120-க்குத்தான். இப்போது உள்ளே போய் டேப்பைப் பிடியுங்கள். வெளிச்சுவர் 9 அங்குலம், இரு பக்கப் பூச்சும் சேர்ந்து ஓர் அங்குலம். மிஞ்சும் அகலம் 4 அடி 2 அங்குலம். நீளத்தில் இரு முனைச் சுவர்களும் போனால் 22 அடி 4 அங்குலம். ஆக, நடமாடக் கிடைப்பது சுமார் 93 சதுர அடி. சரி, சுவர் எங்கே கட்டினாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்பீர்கள். போகட்டும். இதே 120 சதுர அடியை வீட்டின் பின்பக்கம் 10 அடிக்கு 12 அடி என்று கட்டினால் உள்ளே என்ன கிடைக்கும்? 9 அடி 2 அங்குலத்துக்கு 10 அடி 4 அங்குலம். சுமார் 95 சதுர அடி. இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதுர அடிதான். புதிதாகக் கட்ட வேண்டிய சுவரின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே: பக்கத்தில் 34 அடி, பின்பக்கம் 32 அடி. செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

ஆனால் பின்பக்கம் கட்டியது அறை. பக்கத்தில் கட்டியது நடை.

4 அடி 2 அங்குல அகலத்தில் எதை வைப்பீர்கள்? 3 அடி அகலக் கட்டிலைச் சுவரோரம் போட்டால் மிச்சம் 14 அங்குலம். பெருத்த உடம்புக்காரர் திரும்பி நடக்க முடியாது; கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைத் தூக்க இரண்டு பேர் நிற்க முடியாது. சமையலறையாக்கலாம் என்றால், மேடைக்கு 2 அடி. நிற்பதற்கு 2 அடி 2 அங்குலம். ஒருவர் அடுப்பின் முன் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் தாண்டிப் போக முடியாது. குளிர்சாதனப் பெட்டியை வைத்தால் அதன் கதவு முழுதாகத் திறக்காது. அலமாரி 2 அடி ஆழம். அதன் கதவு திறந்தால் வழி அடைபடும். படிக்கும் அறை என்கிறார்கள். மேசை போட்டு, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தால் முதுகு சுவரில் இடிக்கும். 22 அடி நீளம் இருந்து என்ன பயன்? மனிதன் நீளவாக்கில் மட்டும் வாழ்வதில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு பரப்பளவைச் சொல்வதோடு நிற்காமல் குறைந்தபட்ச அகலத்தையும் தனியாகச் சொல்வது இதற்காகத்தான். வசிக்கும் அறைக்கு 2.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 8 அடி. சமையலறைக்கு 1.8 மீட்டர், 6 அடிக்குச் சற்றுக் குறைவு. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 1.2 மீட்டர், சுமார் 4 அடி. உங்கள் சாய்ப்பின் 4 அடி 2 அங்குலத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். குளியலறைக்கு மட்டுமே அது தேறும். கட்டட வேலையில் இருக்கிற நாங்களே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசிப் பேசி மக்களை இந்தக் கணக்கில் பழக்கிவிட்டோம். அந்த வழக்கம் மாற வேண்டும். நீளம், அகலம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், உள்ளளவைக் கேளுங்கள்.

அடுத்தது, "சும்மா கிடக்கிற இடம்." அந்த 5 அடி ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. அதன் வழியாகத்தான் உங்கள் படுக்கையறைக்கு வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தன. நம்முடையது போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பத்துக்கு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்பது அதே தொகுப்பின் கணக்கு. 100 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 17 சதுர அடி. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று இருந்தால்கூட முழுதாகத் தேறாது. இருந்த அந்த ஒரு ஜன்னலையும் சாய்ப்புக்குள் திறக்கும்படி செய்துவிட்டால், அந்த அறை கதவு மூடிய பெட்டிதான். ஆகவே சாய்ப்பின் பலனைக் கணக்கிடும்போது கிடைத்த அறையை மட்டும் எழுதாதீர்கள். கெட்டுப்போன அறையையும் அதே தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் ஓர் அறை கூடியிருக்காது. நல்ல அறை ஒன்று போய், சுமாரான அறைகள் இரண்டு வந்திருக்கும்.

மழை நீர் போவதும் அந்த வழியாகத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. கல்குளம், விளவங்கோடு, திருவட்டார் பக்கங்களில் மேட்டை வெட்டி வீடு கட்டியிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெட்டிய மண்கரைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் கரையிலிருந்து கசியும் ஊற்று நீரை வாங்கி வெளியேற்றுகிறது. அந்த இடைவெளியில் அறை கட்டினால் கரையின் ஈரமும் மண்ணின் தள்ளுவிசையும் நேரே அறைச் சுவரில் வந்து நிற்கும். தண்ணீர் புகாமல் இருக்க மருந்து கலந்து பூசினால் போதும் என்பார்கள். போதாது. தயவுசெய்து அங்கே கட்டாதீர்கள்.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. வீடு கட்டிய அப்பாவுக்குத்தான் தெரியும். அதன் மேல் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டு, நிரம்பியபின் டைல்ஸை உடைத்த வீடுகள் உண்டு. கழிவுநீர்க் குழாய், அறைக்குள் வந்துவிடும் ஆய்வுத் தொட்டி, பின்பக்கக் கிணற்றுக்கு மோட்டார் இறக்கப் போகும் வழி, வெளிச்சுவருக்கு வண்ணம் பூச ஏணி சாய்க்கும் இடம் எல்லாவற்றையும் முதலில் தரையில் குறியுங்கள்.

அஸ்திவாரத்துக்கு வருவோம். பழைய வீடு எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது. புதிய சுவர் இனிமேல்தான் அமரும். பழைய சுவரில் பல் போல இடம் வெட்டிப் புதிய கல்லைச் செருகி இரண்டையும் கோத்துவிட்டால் விரிசல் வராது என்று மேஸ்திரி உறுதி சொல்வார். வரும். கோக்காமல், இரண்டுக்கும் இடையில் நேரான இணைப்பு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் நிரப்பி மூடுவதே சரி. பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒட்டினாற்போல வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டவே கூடாது. அதுவும் ஒரே நாளில் 24 அடியும் தோண்டிப் போட்டு, இரவில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

காம்பவுண்டுச் சுவரையே அறைச் சுவராக உயர்த்திக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். கூரையைத் தாங்குவதற்காக அது கட்டப்படவில்லை. அதை ஒட்டிப் புதுச் சுவர் எழுப்பினாலும் அதன் வெளிமுகத்தைப் பூச முடியாது. கை நுழையாத அந்த இடுக்கில் நின்று ஊறும் தண்ணீர்தான் பின்னால் உள்சுவரில் படை படையாகத் தெரிகிறது. சன்ஷேட் வைத்தால் பக்கத்து வீட்டு வானத்தில் நீட்டும், வைக்காவிட்டால் ஜன்னலில் சாரல் அடிக்கும்.

பழைய ஓட்டு வீடுகளில் கூரைச் சரிவை அப்படியே நீட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உயரத்தைக் கணக்கிடுவதில்லை. 5 அடி தள்ளிப் போவதற்குள் சரிவு 2 முதல் 2½ அடி இறங்கிவிடும். வாரியடி (கூரைச் சரிவு முடியும் கீழ் ஓரம்) 8 அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சுவரில் 6 அடிக்கு மேல் மிஞ்சாது. சரி, தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றால், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் ஷீட் கூரைகளை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள்தானே நாம் எல்லோரும்? சுவரோடு சரியாக இறுக்கிக் கட்டாத ஷீட்டை வைக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. சாய்ப்பையும் ஹாலையும் ஒன்றாக்க வேண்டும் என்று நடுச் சுவரை இடிக்கிறார்கள். இந்த மாவட்டத்தின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை வெட்டுக்கல்லிலோ செங்கல்லிலோ சுவர் மேலேயே தளத்தை ஏற்றிக் கட்டியவை. தூண்கள் கிடையாது. வெளிச்சுவராக இருந்த அந்தச் சுவர்தான் தளத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) இருக்கிறதே, தாங்காதா என்று கேட்டவர்கள் உண்டு. ஜன்னல் அகலத்துக்குப் போட்ட லிண்டல் 12 அடித் திறப்பைத் தாங்காது. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, பொறியாளர் கணக்கிட்ட உத்திரத்தை இரு முனையிலும் தகுந்த தாங்கலோடு பொருத்திய பிறகே ஒரு கல்லை எடுக்க வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் சேருங்கள். சேர்த்தவுடன் பலரும் திட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். அது நல்லதே.

அனுமதி விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி பக்கவாட்டில் விட வேண்டிய இடம் உண்டு. கட்டடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்து அது மாறும். பஞ்சாயத்துப் பகுதியாக இருந்தாலும் விதி விதிதான். விட வேண்டிய இடத்தில் சாய்ப்பு வந்தால் அனுமதி கிடைக்காது. அனுமதியில்லாமல் கட்டியதை நாளைக்கு வீட்டுக்கடனுக்கோ விற்பனைக்கோ மதிப்பிட வருகிறவர் கணக்கில் எடுக்கமாட்டார். எல்லையைச் சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள், பழைய வேலிக்கம்பை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அவர் உரிமை கோர 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இடம் தருகிறது.

அப்படியானால் சாய்ப்பே வேண்டாமா? சில வீடுகளுக்கு நானே பரிந்துரைத்திருக்கிறேன். மூட்டு வலியால் வெளிக் கழிப்பறைக்குப் போக முடியாத அம்மாவின் அறையோடு சேர்த்து, 4 அடிக்கு 7 அடியில் ஒரு குளியலறை. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வெளியே திறக்கும் கதவு. விதிப்படி விட வேண்டிய இடம் போக மிச்சமும் இருந்து, அந்த அறையின் ஜன்னலும் மறையாமல் இருந்தால், அதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. 24 அடியும் அடைக்க வேண்டியதில்லை, சுவர்களும் சேர்த்துத் தேவையான 9 அடியோடு நிறுத்துங்கள். மற்றொன்று, ஏற்கெனவே ஒடுக்கமாக இருக்கும் சமையலறையை அகலப்படுத்துவது. 6 அடி அறை 10 அடியாகும்போது அது வேறு அறையாகவே ஆகிவிடும். உத்திரச் செலவு அங்கே வீணில்லை. புதிதாக ஒரு ஒடுங்கிய அறையைப் படைப்பதற்கும், இருக்கிற அறையை அகலமாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மற்றபடி, முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். யாரும் உட்காராத முன்னறை, பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர், இரண்டு அடி நகர்த்தினால் ஒரு கட்டிலுக்கு இடம் தரும் கதவு. இவற்றை ஒருமுறை வரைந்து பார்க்கப் பொறியாளருக்குக் கொடுக்கும் பணம் ஒரு லோடு எம்-சாண்டை விடக் குறைவு.

அப்படியும் பக்கத்தில்தான் கட்ட வேண்டும் என்றால், வானம் தோண்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். சுவரின் தடிமனை விட்டுவிட்டு உள்ளளவுக்கு நான்கு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். உள்ளே நிஜமாகவே கட்டிலைக் கொண்டு போடுங்கள், நாற்காலியை இழுத்துப் பாருங்கள். அந்த அறையில் இருக்கப் போகிறவரையே உள்ளே நடக்கச் சொல்லுங்கள். பக்கத்து அறையின் ஜன்னலில் ஒரு போர்வையை நாள் முழுதும் தொங்கவிட்டு, மத்தியானம் உள்ளே போய்ப் புத்தகம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதன்பிறகும் வேண்டும் என்று தோன்றினால், வேலையைத் தை மாதத்தில் தொடங்குங்கள். விடுமுறைத் தேதிக்காகச் சித்திரைக் கடைசியில் சுவரை உடைத்துவிட்டு, தென்மேற்குப் பருவமழையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.