தீர்ப்புக்கு முன் ஒரு தடை

ஏற்காட்டில் என் பெரியப்பாவின் காப்பித் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் எல்லைத் தகராறு. வரப்பில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் யாருக்கு என்பதுதான் வழக்கு. வக்கீல் முதல் வேலையாக, மரம் வெட்டத் தடை கேட்டு சேலம் கோர்ட்டில் மனுப் போட்டார். "நிலம் யாருதுன்னு அப்புறம் பார்க்கலாங்க. மரம் விழுந்துட்டா ஜெயிச்சு என்ன பண்றது?" என்றார்.

ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்திலும் இதே கவலைதான். நாடுகளுக்கு இடையிலான வழக்கு அங்கே பல ஆண்டுகள் ஓடும். அதற்குள் திரும்பப் பெற முடியாத இழப்பு நேரலாம் என்றால், அதன் அமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு போடலாம். அவசரம் இருக்கிறதா, கேட்கும் உரிமைக்கு ஓரளவாவது அடிப்படை உண்டா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை அப்போது தொடமாட்டார்கள்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சேலத்தில் சம்மன் வந்தால், பிடிக்கிறதோ இல்லையோ, பதில் சொல்லியாக வேண்டும். ஹேக்கில் எதிர்த்தரப்பு நாடு ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான் வழக்கே நிற்கும். 1999 ஆகஸ்டில் தன் விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் அங்கே போனது. பாகிஸ்தான் போன்ற காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளுக்கு இந்தியா சம்மதம் தரவில்லை என்பதால், விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2000 ஜூனில் 14க்கு 2 என்ற கணக்கில் முடிவானது. விமானம் யார் எல்லையில் இருந்தது என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. நடைமுறை என்று நாம் லேசாகச் சொல்வது ஒரு வழக்கை மொத்தமாக முடித்துவிடும்.

சரி, இடைக்கால உத்தரவை ஒரு நாடு மதிக்காவிட்டால்? அமெரிக்காவின் அரிசோனாவில் வால்ட்டர் லாகிராண்ட் என்ற ஜெர்மானியருக்கு மரண தண்டனை. ஜெர்மனி 1999 மார்ச் 2 அன்று ஹேக்குக்கு ஓடியது. மறுநாளே தடை உத்தரவு வந்தது. அதே நாளில் அவரைக் கொன்றும் விட்டார்கள். அந்த உத்தரவு நாடுகளைக் கட்டுப்படுத்தாது என்பது அமெரிக்காவின் வாதம். கட்டுப்படுத்தும் என்று 2001இல் நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அத்தனை காலம் இழுத்துக்கொண்டிருந்த சந்தேகம் தீர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்கு அந்நாட்டு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, இந்தியா 2017 மே 8 அன்று மனுப் போட்டது. இந்த முறை சம்மதப் பிரச்சினை தடுக்கவில்லை. தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு துணை ஒப்பந்தம், அது குறித்த தகராறுகளை ஹேக் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது; அதில் இரு நாடுகளும் ஏற்கெனவே இணைந்திருந்தன. பத்தே நாளில், மே 18 அன்று, இறுதி முடிவு வரும்வரை தூக்கிலிடக் கூடாது என்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள். 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பு வந்தபோது ஜாதவ் உயிரோடு இருந்தார்.