பிக்கப்பின் முதுகில் என்ன நடக்கிறது?

பிக்கப் டிரக் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்கதவைத் திறந்து படுக்கப் போட்டு ஓட்டு, காற்று தடையில்லாமல் வெளியே போய்விடும், எரிபொருள் மிச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செங்குத்தாக ஒரு பலகை நிற்கிறது, காற்று அதில் மோதுகிறது, பலகையை எடுத்துவிட்டால் மோத எதுவும் இல்லை. ஆனால் வண்டியைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது பெரிய விசிறிகளால் காற்றை வீசவைக்கும் சோதனைக் கூடத்தில், நிறுத்தி அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை நேர் எதிர். 2004இல் வெளியான கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றச் சோதனைகளும் அதையேதான் சொல்லின, கதவை மூடியே வை என்று. ஏன் அப்படி என்பது பிடிபட்டுவிட்டால் பிக்கப்பின் காற்றுத்தடையில் பாதிக் கதை புரிந்த மாதிரி.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், வண்டியின் முகப்புப் பரப்பு, அதன் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் இழுவை எண், இந்த நாலையும் பெருக்கிப் பாதியாக்கினால் காற்று நம்மைப் பின்னால் தள்ளும் விசை வரும். ஒரு பெரிய பிக்கப்புக்கு இழுவை எண் 0.4, முகப்பு 3.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 590 நியூட்டன். அதை எதிர்த்துப் போக மட்டும் 16 கிலோவாட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 22 குதிரைத்திறன், செலவாகிறது. அதே வேகத்தில் 0.28 இழுவை எண்ணும் 2.2 சதுர மீட்டர் முகப்பும் உள்ள காருக்கு இதில் பாதிகூட வேண்டாம். விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது என்றால் அதற்கான திறன் வேகத்தின் கனமாக (மூன்று முறை பெருக்கிய அளவில்) ஏறுகிறது: நம்முடைய பிக்கப்புக்கு 50 கி.மீ. வேகத்தில் 2 கிலோவாட் போதும், 120இல் 28 கிலோவாட் கேட்கும். ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டி என்றால் இனி வரப்போகும் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.

சரி, பின்பக்கம் வருவோம். நிறையப் பேர் முகப்பைத்தான் குறை சொல்வார்கள், சுவர் மாதிரி நிற்கிறது, காற்றைக் கிழிக்க வேண்டாமா என்று. முகப்புக்கும் பங்கு உண்டுதான், ஆனால் ஓரங்கள் கொஞ்சம் உருண்டையாக இருந்தாலே காற்று ஒட்டிக்கொண்டு வளைந்து போய்விடும், அங்கே இழந்ததில் நல்ல பகுதி அந்த வளைவிலேயே திரும்பக் கிடைத்துவிடும். பெரிய இழப்பு காற்று வண்டியை விட்டுப் பிரியும் இடத்தில். கேபினின் கூரை சட்டென்று முடிகிறது, பின்கண்ணாடி நேர் கீழே இறங்குகிறது, வேகமாக வரும் காற்றால் அந்த மூலையில் திரும்ப முடிவதில்லை. அது நேராகப் போய்விட, கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி மிஞ்சுகிறது. முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது முக்கியமாக இந்த வித்தியாசம்தான்.

இனி பின்தொட்டி. கூரையை விட்டுப் பிரிந்த காற்று சும்மா மேலே பறந்து போவதில்லை, மெதுவாகக் கீழே சாய்ந்துகொண்டே வருகிறது. அதில் ஒரு பங்கு பின்கதவின் உள்பக்கம் மோதி, கீழே இறங்கி, தொட்டியின் தரையோடு கேபினை நோக்கித் திரும்பி ஓடி, பின்கண்ணாடிக்கு அருகே மேலெழுந்து, மறுபடியும் ஓட்டத்தில் சேர்கிறது. தொட்டிக்குள் ஒரு பெரிய காற்று உருளை சுழன்றுகொண்டே இருக்கிறது என்று சொல்லலாம். கூரையிலும் தொட்டித் தரையிலும் அங்கங்கே கம்பளி நூல் துண்டுகளை ஒரு முனையில் மட்டும் ஒட்டிவிட்டு, கேமராவைக் கீழ்நோக்கி மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டினால் இது கண்ணுக்கே தெரியும்: கூரையில் ஒட்டிய நூல்கள் பின்பக்கம் பார்த்து விறைத்து நிற்கும், தொட்டித் தரையில் ஒட்டியவை வண்டி போகிற திசையையே, முன்பக்கத்தையே காட்டும், கதவுக்கு அருகில் இருப்பவை ஒரு நிலையில் நிற்காமல் துடித்துக்கொண்டிருக்கும். காய்ந்த சருகு, காலி பிளாஸ்டிக் பை போன்றவை கதவோரமாக ஒதுங்காமல் கேபின் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மேலே எழும்பிப் பறப்பதும் இதனால்தான்.

இந்த உருளை ஓர் இலவச மூடி. மேலே வரும் காற்று குழிக்குள் முழுதாக விழாமல் இதன் மேலேயே சறுக்கிக்கொண்டு போய்க் கதவின் மேல் விளிம்பைத் தாண்டுகிறது. கதவில் காற்று மோதித் தள்ளுகிறது என்பது பொய்யில்லை, தள்ளத்தான் செய்கிறது, ஆனால் கதவு நிற்பதால் உருளை நிலைக்கிறது, உருளை நிலைப்பதால் கேபினின் முதுகில் அழுத்தம் அவ்வளவு மோசமாகச் சரிவதில்லை. கூட்டிக் கழித்தால் மூடிய கதவுக்கே லாபம். கதவைத் திறந்தால் உருளை உடைந்து, வண்டிக்குப் பின்னால் கலங்கும் காற்றின் அளவு கூடிவிடுகிறது. தொட்டியின் நீளம், கேபினின் உயரம் இவற்றைப் பொறுத்து வித்தியாசம் சின்னதாகவோ பெரிதாகவோ இருக்கும், அவ்வளவுதான். பல புதிய பிக்கப்புகளின் பின்கதவு உச்சியில் சின்னதாக ஒரு ஸ்பாய்லர் உதடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு மட்டும் இல்லை, காற்று அந்த விளிம்பில் சுத்தமாக அறுபட்டுப் போக வேண்டும் என்பதற்காகவும்தான்.

தொட்டிக்குத் தட்டையான மூடி போட்டால் சுழல வேண்டிய உருளையே இல்லை, கதவின் உள்பக்கம் மோதுவதும் இல்லை. பலன் உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை: காற்றுத்தடை சில சதவீதம் குறையும், நெடுஞ்சாலையில் எரிபொருள் அதில் பாதி அளவுக்குக் குறையும், ஏனென்றால் மீதித் திறன் டயர் உருளவும் கியர்கள் சுழலவும் போகிறது. தளர்வாகக் கட்டிப் படபடக்கிற தார்ப்பாய்க்கு இந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான லாபம் சரிவில் இருக்கிறது. கூரை முடியும் இடத்திலிருந்து பின்கதவு வரை சாய்வாக ஒரு மூடி அமைத்தால் காற்று பிரியாமல் ஒட்டியபடி கீழே இறங்கும், இறங்க இறங்க அழுத்தம் மீளும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் சூட்சுமம். 1984இல் காற்றியல் ஆய்வாளர் அகமதுவும் உடன் பணியாற்றியவர்களும் பின்முனை மட்டும் சரிவான ஓர் எளிய பெட்டி மாதிரியை வைத்துச் சோதித்தார்கள், வண்டிகளின் காற்றியலைப் படிக்கும் எல்லோரும் இன்றும் அந்தப் பெட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் சரிவு 12.5 பாகை அளவில் இருக்கும்போது தடை மிகக் குறைவு, 30 பாகையை நெருங்கும்போது உச்சம். நடுவில் நடப்பது என்னவென்றால், சரிவின் இரண்டு பக்க ஓரங்களிலிருந்தும் இரண்டு சுழல்கள் முறுக்கிக்கொண்டு கிளம்புகின்றன, சாய்வு கூடக் கூட அவையும் வலுத்து வண்டியைப் பின்னால் இழுக்கின்றன.

இதைப் பிக்கப்பில் பொருத்திப் பாருங்கள். கூரை பின்கதவைவிட 60 செ.மீ. உயரம், தொட்டி 2.4 மீட்டர் நீளம் என்றால் சரிவு 14 பாகை, அருமை. அதே உயரத்துக்குத் தொட்டி 1.7 மீட்டர்தான் என்றால் 19 பாகைக்கு மேல் போய்விடும். அப்போது கதவு வரை இறங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்காமல் 12 பாகையில் இறக்கி, பாதி உயரத்தில் வெட்டி நிறுத்திவிடலாம். வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கட்டும், உருட்டினால் காற்று எங்கே பிரிவது என்று தெரியாமல் தடுமாறும். நீண்ட வாலைப் பாதியில் வெட்டினாலும் நன்மையில் பெரும்பகுதி தங்கிவிடும் என்பதை 1930களிலேயே ஜெர்மனியில் பொறியாளர் வுனிபால்ட் காம் காட்டிவிட்டார். டெஸ்லாவின் சைபர்டிரக்கின் தோற்றம் எனக்குப் பிடிக்காது, ஆனால் ஓட்டுநரின் தலைக்கு மேல் உச்சி, அங்கிருந்து கடைசி வரை ஒரே சரிவு, தொட்டிக்கு மூடி என்று இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுவனம் சொல்லும் இழுவை எண் 0.34. இப்படிச் சரிவு மூடி போட்டால் உயரமான சாமான் ஏற்ற முடியாது என்பது வேறு விஷயம். பிக்கப் வாங்கியதே அதற்காக என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

வண்டியின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது, ஆனால் அடிச்சட்டகம், அச்சு, சைலன்சர் குழாய் என்று அங்கே காற்றைக் கலக்காத பொருளே இல்லை. முன்பம்பருக்குக் கீழே தொங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு அந்தக் காற்றைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுகிறது. அதற்கென்று ஒரு தடை உண்டு, அடியில் மிச்சமாவது அதைவிட அதிகம். இன்ஜினுக்குக் கீழே அழுத்தம் குறைவதால் ரேடியேட்டர் வழியாகக் காற்று நன்றாக உள்ளே வரும் என்பது கூடுதல் லாபம். கரடுமுரடான பாதையில் அது இடிபடுகிறது என்று முதல் வேலையாகக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2019 ராம் 1500 என்ற அமெரிக்க பிக்கப் போன்ற வண்டிகளில் சுமார் 55 கி.மீ. வேகத்துக்கு மேல் தானாக இறங்கி, வேகம் குறைந்ததும் ஏறிக்கொள்ளும் தடுப்பை வைத்தார்கள். 2013 ராமிலேயே, குளிர்ச்சி தேவைப்படாதபோது கிரில்லை மூடிக்கொள்ளும் பலகைகளும் வந்துவிட்டன.

அப்புறம், எதையும் வாங்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள். கூரை மேல் விளக்கு வரிசை, காலியாகச் சுமக்கும் கேரியர், உயர்த்திய சஸ்பென்ஷன், தேவைக்கு மேல் அகலமான டயர், ஒவ்வொன்றும் முகப்பையோ கலக்கத்தையோ கூட்டுகிறது. சக்கரங்களும் அவற்றின் குழிகளும் சேர்ந்தே மொத்தத் தடையில் கால் பங்கு வரை எடுத்துக்கொள்ளும்.

மாற்றம் செய்தபின் சோதிப்பதாக இருந்தால் காற்று வீசாத நேரத்தில், காலியான நேர்ச்சாலையில், ஒரே வேகத்திலிருந்து நியூட்ரலில் போட்டு வேகம் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள், இரண்டு திசையிலும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே வெறும் 20 கி.மீ. காற்று வீசினாலே தடை 44 சதவீதம் ஏறிவிடும். அந்த இரைச்சலுக்குள் மூடி மிச்சப்படுத்திய இரண்டு சதவீதத்தை, ஒரு டேங்க் எரிபொருளை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.