கொசுவலையை மரத்தில் செதுக்குவது எப்படி?

ஜப்பானின் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 1790-களில் கிதகாவா உதமாரோ வரைந்த மரக்கட்டை அச்சுப் படங்கள் சிலவற்றில், கொசுவலைக்குள் இருக்கும் பெண்கள் வருகிறார்கள். முகமும் உடையும் வலை வழியாகவே தெரிகின்றன. அந்த வலையின் ஒவ்வோர் இழையும் மரத்தில் மேடாக விடப்பட்ட கோடு.

நெடுக்கு இழை, குறுக்கு இழை இரண்டையும் ஒரே கட்டையில் செதுக்கினால் எண்ணற்ற சின்னஞ்சிறு கட்டங்களைக் குடைந்தெடுக்க வேண்டும். உளி மூலையில் கொஞ்சம் மீறினாலும் இழை அறுந்துவிடும். தப்பினாலும் குழிகளில் மை தேங்கிக் கட்டங்கள் அடைபடும். அதனால் நெடுக்கு இழைகளுக்கு ஒரு கட்டை, குறுக்கு இழைகளுக்கு இன்னொன்று. வலை பின்னப்படுவது தாளில்தான். எனக்கு இந்தக் கலையின் உச்சமே இந்த யோசனைதான்.

இதைச் சாத்தியமாக்குவது 'கென்தோ' எனப்படும் இரண்டு வெட்டுக்குறிகள். படத்துக்கு வெளியே கட்டையின் ஒரு மூலையில் செங்கோணப் பள்ளம். அதே விளிம்பில் தள்ளி ஒரு நேர்ப் பள்ளம். தாளின் மூலையை முதலாவதிலும் விளிம்பை இரண்டாவதிலும் முட்டவைத்த பிறகே தாளை இறக்குவார்கள். எல்லாக் கட்டைகளிலும் குறிகள் ஒரே இடத்தில் அமையவும் வழி உண்டு: முதலில் கோட்டோவியக் கட்டையைச் செதுக்கி, கென்தோவும் பதியும்படி படிகள் எடுத்து, அவற்றையே மற்றக் கட்டைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவார்கள்.

அப்படியும் பிசகும். காரணம் ஈரம். மரப்பட்டை நாரில் செய்த தாளை ஈரமாக்கித்தான் அச்சிட வேண்டும். அப்போதுதான் நிறம் நாருக்குள் இறங்கும். மை ஊறிப் பரவாமலிருக்க விலங்குப் பசையும் படிகாரமும் முன்பே பூசியிருப்பார்கள். நடுவில் தாள் காய்ந்தால் சுருங்கும். அடுத்த கட்டையின் கோடு விலகி விழும். எனவே தாள்களை அடுக்கி, ஈரம் எல்லாவற்றிலும் சமமாக இருக்கும்படி மூடி வைப்பார்கள். காட்டுச் செர்ரி மரக் கட்டையும் ஈரத்தில் உப்பும். அப்போது அச்சிடுபவர் கென்தோவையே உளியால் சீவியோ, மெல்லிய சில்லு வைத்தோ திருத்துவார்.

அழுத்த இயந்திரம் கிடையாது. நிறத்தோடு கொஞ்சம் அரிசிப் பசை கலந்து தூரிகையால் கட்டையில் தேய்த்து, தாளை வைத்து, மூங்கில் மடல் போர்த்திய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் முதுகுப்பக்கம் தேய்ப்பார்கள். வலைக்கு மை குறைவாக இருக்க வேண்டும். கூடினால் இழை தடித்து, உள்ளிருக்கும் முகம் மங்கிவிடும்.

மெல்லிய இழைகள்தான் முதலில் தேயும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் கிடைத்தால் வலையை ஒப்பிடுங்கள்: இழைகள் கூர்மையாக, அறாமல் ஓடுவது பெரும்பாலும் முந்திய அச்சாக இருக்கும்.