டார்ட்டன்: குலத்தின் துணியா, நிலத்தின் துணியா?

டார்ட்டன் (பெயர்ச்சொல்): பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) நிறநூல்களை ஒரே வரிசையில் கொடுத்து நெய்த, கட்டம் போட்ட கம்பளித் துணி, அந்தக் கட்டத்தின் அமைப்பு.

'டிரட்டேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லே இதன் மூலம் என்பது பல அகராதிகளின் கருத்து. அது கம்பளியும் நாரிழையும் கலந்த ஒரு துணியின் பெயர். கட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்காட்டிஷ் கேலிக்கில் இத்துணியின் பெயர் 'பிரெக்கன்'. புள்ளியும் வண்ணமுமாக இருப்பதைக் குறிக்கும் 'பிரெக்' அதன் வேர். உடலில் புள்ளிகள் கொண்ட டிரவுட் மீனுக்கும் அந்த மொழியில் 'பிரெக்' என்றே பெயர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: நெய்தவர்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக் குலங்களின் அடையாளமாக டார்ட்டன் அறியப்படுவதால், தமிழில் இதைக் 'குலக்கட்டம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் குலத்துக்கொரு கட்டம் என்ற வழக்கம் ஸ்காட்லாந்திலேயே 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. 1746இல் டார்ட்டன் உள்ளிட்ட மலைநாட்டு உடைக்குச் சட்டம் தடை போட்டது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோதுதான் டார்ட்டன் பெரும் மோகமானது.

'குலக்கட்டம்' என்ற பெயர் பொருந்தாது என்பதற்கு மேங்க்ஸ் டார்ட்டனே சான்று. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் மாண் தீவின் துணி அது. உருவானது 20ஆம் நூற்றாண்டில். எந்தக் குடும்பத்தின் பெயரையும் அது சுமக்கவில்லை. தீவின் நிலக்காட்சியையே சுமக்கிறது. லாக்சி ஊரின் டார்ட்டனில் நீலம் கடல், பச்சை குன்று, மஞ்சள் கோர்ஸ் முட்புதரின் பூ, ஊதா ஹெதர் பூ, வெள்ளை சுண்ணாம்பு பூசிய குடில்கள். அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் கம்பளி ஆலையை 1881இல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் ஆதரவுடன் எக்பர்ட் ரைடிங்ஸ் தொடங்கினார். கையால் நூல் நூற்ற தீவுப் பெண்களின் பிழைப்பு அழியக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த ஆலை அது. அந்த நோக்கத்தை அறிந்தபின் இந்தத் துணி எனக்கு இன்னும் அழகாகத் தெரிகிறது.

தறியில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நீலப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில் தூய நீலம். பச்சை ஊடை கடக்கும் இடத்தில் இரண்டும் கலந்த சாயல். இப்படி 5 நிற நூல்கள் ஒன்றையொன்று கடந்தால் 5 தூய நிறமும் 10 கலப்புச் சாயலும் கிடைக்கும். கடலும் குன்றும் கரையில் கலப்பதுபோலவே துணியிலும் கலக்கின்றன.

எனவே தமிழ்ச்சொல் அந்த நெசவிலிருந்து வருவதே முறை. 'கட்டத்துணி' என்றால் கைலியும் அதில் அடங்கிவிடும். 'கண்டாங்கி' செட்டிநாட்டுச் சேலைக்கே உரிய பெயர்; அதை இரவல் வாங்குவது இரண்டுக்கும் நியாயமாகாது. நான் பரிந்துரைப்பது 'ஊடுபாவுக் கட்டம்'. பாவில் உள்ள வரிசையே ஊடையிலும் வருவதை அது சொல்கிறது. நெசவாளர் கேட்டதும் புரிந்துகொள்வார்.

எடுத்துக்காட்டு: லாக்சித் தறியில் நெய்த ஊடுபாவுக் கட்டச் சால்வையில் கோர்ஸ் பூவின் மஞ்சள் மெல்லிய கோடாக ஓடுகிறது.