கேம்பிட் என்றால் சூதாட்டமா?

போன வாரமும் காதில் விழுந்தது. முதல் உலகப் போரை மேஜையில் ஆடும் ஒரு விளையாட்டுக்குத் தமிழ் விளக்கக் காணொளி. "ஜெர்மனியின் திறப்புச் சூதாட்டம்" என்கிறார். பின்னால் கிடைக்கும் லாபத்துக்காக ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை வேண்டுமென்றே இழக்க முன்வருவதை ஆங்கிலத்தில் ஓப்பனிங் கேம்பிட் என்பார்கள். அதில் ஓப்பனிங் திறப்பாகிவிட்டது, கேம்பிட் சூதாட்டமாகிவிட்டது. ரிப்பன் வெட்டித் திறக்க இது என்ன நகைக்கடையா? தொடக்கம் என்ற சொல்லுக்கு என்ன குறை வந்தது?

திறப்பையாவது மன்னித்துவிடலாம். கேம்பிட், சூதாடுவதைக் குறிக்கும் கேம்பிள் இரண்டும் ஒலியில் பங்காளிகள் போல இருக்குமே தவிர உறவே கிடையாது. இத்தாலியில் காம்பா என்றால் கால். காம்பெத்தோ என்பது மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறிவிடுவது. 1561-ல் ஸ்பெயின் பாதிரியார் ருய் லோபஸ் அதைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தார். 'காலை வாருதல்' நம்மிடமே இருக்கிறதே என்பீர்கள். அதில் நம்பியவனைக் கைவிடும் பொருள் ஏறிவிட்டது, இங்கே ஒட்டாது.

சூது என்றால் பகடை. விழுவது நம் கையில் இல்லை. கிங்ஸ் கேம்பிட் என்ற சதுரங்கத் தொடக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே இடம்? வெள்ளை தன் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜா பக்கத்து பிஷப்பின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, 'வெட்டிக்கோ' என்கிறது. அவ்வளவுதான். தியாகம், பலி என்று எழுதுவோரும் உண்டு. குயின்ஸ் கேம்பிட் என்ற இன்னொரு தொடக்கத்தில் கொடுத்த சிப்பாயைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். திரும்பி வந்தால் அது தியாகமா, கைமாற்றா?

என் ஓட்டு 'வெட்டக்கொடுத்தல்' என்பதற்கே. செஸ் ஆடும் பிள்ளைகள் "வேணும்னே வெட்டக் குடுக்கிறான்டா" என்று சொல்வதை மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம். அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் ஆகும்.

போர் விளையாட்டில் குழப்பம் கூடுவதற்குக் காரணம், அங்கே பகடை நிஜமாகவே உண்டு. 1824-ல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டிலேயே உண்டு. அதனால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1914-ல் ஜெர்மனி ஏழு படைகளை மேற்கே அனுப்பி, ரஷ்ய எல்லையை ஒட்டிய தன் மாகாணமான கிழக்கு பிரஷ்யாவைக் காக்க ஒரே ஒரு படையை வைத்தது. இது வெட்டக்கொடுத்தல். 1940-ல் வான் ஆதிக்கம் இல்லாமலே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஆறு விழட்டும் என்று பகடையை உருட்டினால் அது சூதாட்டம், தாராளமாக அப்படியே சொல்லுங்கள்.

ஆட்டக்காரன் கிழக்கு பிரஷ்யாவை முழுசாகவே விட்டுக்கொடுப்பான். அட்டைக் காய்களுக்கு அங்கே பண்ணையோ வீடோ கிடையாதே. உண்மையில் ஜெர்மன் படைத் தலைமைத் தளபதி மோல்ட்கேவுக்கு அந்தத் துணிச்சல் நிலைக்கவில்லை. மேற்கிலிருந்து இரண்டு கோர்களை (படைக்குள் அடங்கும் பெரிய பிரிவுகளை) பிரித்துக் கிழக்கே அனுப்பினார், அவை போய்ச் சேருவதற்குள் அங்கே ரஷ்யர்களோடு நடந்த டானன்பர்க் சண்டையே முடிந்திருந்தது. ஆகவே விளையாட்டை வடிவமைப்பவர் கிழக்கு பிரஷ்யாவின் தலைநகர் கோனிக்ஸ்பர்க்கை இழந்தால் இவ்வளவு புள்ளி போச்சு என்று ஒரு விலை வைத்தாக வேண்டும். விலை இல்லாவிட்டால் அட்டையில் 1914 என்று அச்சடிப்பதில் அர்த்தமில்லை.

காணொளிக்காரர் அப்படிப்பட்ட விதியைத்தான் விளக்கினார்: "இது ஜெர்மனியின் சூதாட்டத்தைத் தடுக்கிறது." என் எதிரே இருந்த நண்பர் பகடையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.