பிரேக் விளக்கு அணையவில்லையா? ஆயில் ஊற்றும் முன் ஒரு கேள்வி

காரின் மீட்டரில் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தால், பெங்களூரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்துகிறோம். அவர் பானட்டைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றுகிறார். "லைட் போயிடுச்சு சார்" என்கிறார். கிளம்பிவிடுகிறோம்.

விளக்கு அணைந்தது சரி. குறைந்த ஆயில் எங்கே போனது? எஞ்சின் ஆயிலைப் போல பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் இருக்கும் திரவம். அளவு குறைந்தால் எங்கோ கசிந்திருக்க வேண்டும், அல்லது உள்ளேயே இடம் மாறியிருக்க வேண்டும். பெரும்பாலும் இடம் மாறியதுதான் காரணம். அது எப்படி என்று தெரிந்துவிட்டால், இந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சின்ன பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், முன்சக்கர காலிபரில் (பிரேக் பேடுகளைப் பிடித்து இறுக்கும் பாகம்) உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு ஆறு மடங்குக்கும் மேல், அதனால் விசையும் ஆறு மடங்குக்கும் மேல். அந்த விசைதான் பிரேக் பேடுகளைச் சுழலும் டிஸ்க்கின் மீது இறுக்குகிறது.

காலை எடுத்ததும் காலிபர் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்குவதில்லை. அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் ஒரு நூலிழை அளவுக்குத்தான் பின்னால் இழுக்கும். பேட் தேயத் தேய, பிஸ்டன் அதற்கேற்ப வெளியே நகர்ந்து அங்கேயே நிற்கும். அதன் பின்னால் உருவாகும் காலியிடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் தலா 8 மில்லிமீட்டர் தேய்ந்தால், ஒற்றைப் பிஸ்டன் காலிபரில் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு இது ஏறத்தாழ 31 மில்லிலிட்டர். முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 60 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல். டப்பாவின் அளவை வடிவமைக்கும்போதே இந்தத் தேய்மானக் கணக்கையும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். ஆக, ஆயில் மட்டம் மெல்ல மெல்ல இறங்குவது பேட் தேய்வதன் அளவுகோல். தேய்ந்த பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால், நமக்காக வைத்திருந்த அந்த அளவுகோலை நாமே அழிக்கிறோம். அப்புறம் புது பேட் போடும் நாளில் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது, மிச்ச ஆயில் டப்பாவைத் தாண்டி வழிந்து பெயின்ட்டையும் அரிக்கும்.

சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை தினமும் ஊர்ந்து போகிறவருக்கு, நெடுஞ்சாலையில் ஓட்டுபவரின் கிலோமீட்டர் கணக்கு உதவாது. இங்கே பேட் தேய்வது போன தூரத்தால் அல்ல, நின்ற தடவைகளால். சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பேடின் தடிமனைப் பாருங்கள். 3 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டப்பாவுக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம். ஆயில் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும். காந்தம் பக்கத்தில் வந்ததும், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒட்டிக்கொண்டு சுற்று மூடி விளக்கு எரியும். அளவு எல்லைக்கோட்டில் இருக்கும் நாட்களில் மேம்பாலச் சரிவிலோ, திருப்பத்திலோ, சட்டென்று பிரேக் போடும்போதோ ஆயில் ஒரு பக்கம் சாயும். அப்போது விளக்கு ஒரு நொடி மினுக்கிவிட்டு அணையும். பலர் இதை ஒயரிங் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதைவிட நல்ல முன்னெச்சரிக்கை கிடைக்காது.

ஒயரிங் கோளாறே வராது என்றும் சொல்ல முடியாது. எளிய கார்களில் ஹேண்ட் பிரேக் சுவிட்சும் இந்த மிதவை சுவிட்சும் ஒரே விளக்குக்குத்தான் போகின்றன. ஹேண்ட் பிரேக் லீவரைக் கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்தால் லீவருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்தான் காரணம். தூசியோ தேய்மானமோ இருக்கும். அணையவில்லையென்றால் டப்பாவில் சொருகியிருக்கும் ஒயர் கனெக்டரைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் கோளாறு டப்பாவின் பக்கம். ஆயில் மேல்கோடு வரை இருந்தும் எரிந்திருந்தால், மிதவை அழுக்கில் சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே ஆயில் புகுந்து மூழ்கியிருக்கலாம். சோதித்து முடித்ததும் கனெக்டரைத் திரும்பச் சொருகிவிடுங்கள். விளக்கை அணைப்பதற்காக அதைக் கழற்றியே விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். சாவியைத் திருப்பியதும் விளக்கு சில நொடிகள் எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால், எச்சரிக்கவே விளக்கு இல்லை என்று பொருள்.

மட்டம் ஒரே நாளில் விழுந்தால் அது பேட் அல்ல, கசிவு. சக்கரத்தின் உள்பக்கம், பின்சக்கர டிரம்மின் கீழ், பெடலுக்கு மேலே என்று ஈரம் தேடுங்கள். ஏசி தண்ணீர் சொட்டுவது வேறு. பிரேக் ஆயில் விரலில் வழுக்கும். எஞ்சினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். இன்றைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருப்பதால், ஒன்று போனாலும் பாதி பிரேக் மிஞ்சும். ஓடும்போதே விளக்கு எரிந்து பெடல் ஆழமாகப் போனால், கியரைக் குறைத்து வேகத்தை இறக்கி ஓரம் கட்டுங்கள். நிற்கும் வரை எஞ்சினை அணைக்க வேண்டாம். பெடலுக்குக் கைகொடுக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் அதிலிருந்துதான் வருகிறது.

சிவப்பு விளக்கோடு மஞ்சள் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பங்கிடும் மின்னணு அமைப்பும் நின்றிருக்கலாம். அப்போது பலமாக மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். இதற்கு ஸ்கேனர் உள்ள இடம்தான் சரி.

இந்த விளக்குக்கு ஆயிலின் அளவு மட்டுமே தெரியும், தரம் தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ 'டாட்' என்று போட்டிருப்பது ஆயிலின் தர வகை. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3 வகைக்கு இதே எண்கள் 205, 140. பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகிறவர்கள் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால், காலிபரில் இருக்கும் பழைய ஆயில் கொதித்து ஆவியாகலாம். ஆவி அழுந்தக்கூடியது. பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது, விளக்கும் எரியாது. அந்த இறக்கத்தில் கீழ் கியரில்தான் இறங்க வேண்டும். காரின் கையேடு வேறு சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் ஆயில் வாங்கும்போது சீல் உடையாத பாட்டிலாகப் பாருங்கள். வீட்டில் பாதி மிஞ்சிய பழைய பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள், திறந்த நாளிலிருந்தே அது ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.